நீலத்தின் ஊரும் தரமும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நகைக்கடைக்குள் நுழைந்து நீலக்கல் கேட்பவர்கள், விலைக்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, இது சிலோன் கல்லா?" எதிர்ப்பக்கத்திலிருந்து, "ஒரிஜினல் சிலோன்மா, கவலையே படாதீங்க" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லில் வாங்குபவருக்கு நிம்மதி, விற்பவருக்கு வேலை சுலபம். ஆனால் கல்லைப் பற்றி உண்மையில் கேட்க வேண்டிய மூன்று நான்கு கேள்விகள் அந்த நிம்மதியிலேயே கேட்கப்படாமல் போய்விடுகின்றன. நீலத்துக்கு ஊர் முக்கியமா என்றால், முக்கியம்தான். ஆனால் வரிசையில் அது கடைசியில் நிற்க வேண்டிய கேள்வி.

இந்த வட்டாரத்தில் சிலோன் என்ற பெயருக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேயோடு வளர்ந்த ஊர். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிலைகொண்டன. ஜாலான் ஸ்காட்டில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அவர்கள் கட்டியதுதான். 2010 அக்டோபர் 27 அன்று அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து 'லிட்டல் இந்தியா'வைத் திறந்து வைப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இலங்கையோடு உறவு வைத்திருந்த இடம் இது. போதாததற்கு, 1981இல் டயானா அணிந்து, 2010இல் கேட் மிடில்டன் கைக்கு வந்த 12 காரட் நிச்சயதார்த்த மோதிரத்தின் நீலமும் இலங்கைக் கல்தான். அதற்குப் பிறகு சிலோன் நீலத்துக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை.

மலேசியாவுக்கென்று சொல்லிக்கொள்ள நீலக்கல் சுரங்கம் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்கும் கற்கள் கொழும்பு, பாங்காக், ஜெய்ப்பூர், சென்னை வழியாக வருகின்றன. வழியில் எத்தனை கை மாறினவோ, எந்த உலையில் வெந்தனவோ, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல் சொல்லாது.

கல்லின் இயல்பை முதலில் பார்த்துவிடலாம். நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம், குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து இறுகிய படிகம் அது. சுத்தமாக இருந்தால் நிறமே இருக்காது. கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று மற்ற எல்லா நிறங்களும் நீலத்தின் குடும்பத்தில்தான் சேர்கின்றன. நம் கனக புஷ்பராகம் மஞ்சள் நிற நீலக்கல்தான். கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. தினமும் கையில் போட்டுக்கொண்டு வேலை செய்யத் தாங்குகிற வண்ணக் கற்களில் இதற்கே முதலிடம்.

ஊருக்கு ஊர் நிறம் மாறுவதற்குக் காரணம் மண்ணடியில் இருக்கிறது. உலகின் நீலங்களை இரண்டு பெரிய வீட்டாராகப் பிரிக்கலாம். பழைய பாறைகள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியபோது பிறந்தவை ஒரு வீடு: இலங்கை, காஷ்மீர், பர்மா, மடகாஸ்கர். இவற்றில் இரும்பு குறைவு, அதனால் நிறம் திறந்து, ஒளி உள்ளே போய்த் திரும்புகிறது. எரிமலைக் குழம்போடு மேலே வந்து சேர்ந்தவை இன்னொரு வீடு: தாய்லாந்தின் காஞ்சனபுரி, கம்போடியாவின் பைலின், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நைஜீரியா. இவற்றில் இரும்பு கூடுதல், நிறம் அடர்ந்து மை போல இருளும். அதற்காக இரண்டாம் வீட்டுக் கல் எல்லாம் மட்டம் என்று ஒதுக்குவது தவறு. நன்றாகத் தேர்ந்த பைலின் கல்லின் ஆழ்ந்த நீலத்துக்குத் தனி அழகு உண்டு, வெளுத்துப்போன சிலோன் கல்லை அதன் பக்கத்தில் வைத்தால் எது நீலம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

காஷ்மீர் நீலத்தின் கதை சுருக்கமானது, அதனால்தான் அதன் விலை நீண்டது. இன்றைய கிஷ்த்வார் மாவட்டத்தின் பாடர் பகுதியில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 1881ஐ ஒட்டி ஏற்பட்ட நிலச்சரிவு நீலப் படிகங்களை வெளியே தள்ளியது. செய்தி ஜம்மு மகாராஜாவுக்கு எட்டியதும் அங்கே காவல் போடப்பட்டது. 1882 முதல் 1887 வரை நல்ல கல் கிடைத்தது. பிறகு அந்தப் பள்ளம் வற்றிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உள்ளே பரவியிருப்பதால் ஒளி சிதறி, காஷ்மீர்க் கல்லுக்கு வெல்வெட் துணியின் மென்மை வருகிறது. 'ஜுவல் ஆஃப் காஷ்மீர்' என்ற 27.68 காரட் கல் 2015இல் ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்தில் காரட்டுக்கு ஏறக்குறைய 2,42,000 அமெரிக்க டாலர் விலை போனது. 1926இல் இரத்தினபுரிப் பக்கம் பெல்மதுளையில் கிடைத்த 392.52 காரட் 'ப்ளூ பெல் ஆஃப் ஏசியா' 2014 நவம்பரில் ஜெனீவா கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.73 கோடி டாலருக்குப் போனது. மொத்தத் தொகை பெரிது, ஆனால் வகுத்துப் பார்த்தால் காரட்டுக்கு 44,000 டாலர்தான். ஊர்ப்பெயர் விலையை மாற்றும் இடம் அந்த ஏல மேடை. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒன்றரைக் காரட் கல்லை "காஷ்மீர்" என்று யாராவது நீட்டினால், உயர்தர ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லை நம்பவே கூடாது.

இலங்கையின் வளம் வேறு வகை. இரத்தினபுரி, பலாங்கொடை, எலஹெர பக்கங்களில் வயலடியிலும் ஆற்றோரத்திலும் குழி வெட்டி, 'இல்லம்' எனப்படும் கல்மண் படுகையை எட்டி, அந்த மண்ணைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றிக் கழுவுகிறார்கள். கனமான கற்கள் அடியில் தங்கும். குழியில் இறங்குபவர், நிலத்துக்காரர், பணம் போட்டவர் என்று பங்கு பிரித்துக்கொள்ளும் முறை இன்றும் உண்டு. அங்கே கிடைத்த கல் விலைபேசப்படும் ஊர்களில் முக்கியமானது தென்மேற்குக் கரையில் உள்ள பேருவளை. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களின் சந்தை அது. தமிழ்நாட்டின் காயல்பட்டினத்து வணிகர்கள் கொழும்பு, பாங்காக், ஹாங்காங் வரை கல் வணிகம் நடத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், கோலாலம்பூருக்கு வருகிற நீலம் வழி நெடுகத் தமிழிலேயே விலைபேசப்பட்டு வந்திருக்கவும் கூடும்.

இலங்கைக் கல் என்றாலே உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு 2021 ஒரு பாடம் நடத்தியது. இரத்தினபுரியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் கிணறு தோண்டும்போது வெளிவந்ததாகச் சொல்லப்பட்ட 510 கிலோ எடையுள்ள நீலக்கல் திரள், அந்த ஆண்டு ஜூலையில் உலகச் செய்தியானது. 10 கோடி டாலர் பெறும் என்று பேசினார்கள். படத்தைப் பார்த்த கல் வல்லுநர்கள், பட்டை தீட்டி நகையில் பதிக்கத்தக்க தெளிவு அதில் மிகக் குறைவு, அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள் என்றார்கள். இலங்கையில் பிறந்ததுதான், இயற்கையானதுதான். இருந்தும் நகைக்கல் ஆகவில்லை.

ஊரைச் சொல்வதே எவ்வளவு கடினம் என்பது அடுத்த சிக்கல். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம். அப்போது வெந்து உருமாறிய பாறைகளில்தான் இந்த நீலங்கள் பிறந்தன. கொங்கு நாட்டுப் பாறையும் அதே பழைய பாறை. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்யும் பட்டறைகளும், அவற்றில் பயன்பட்ட நீலமும் பச்சைக்கல்லும் கிடைத்திருக்கின்றன. நிலம் பிரிந்தாலும் கற்களின் சாடை பிரியவில்லை. 1998இல் மடகாஸ்கரின் இலாகாகாவில் நீலம் கண்டுபிடிக்கப்பட்டபோது சில குடிசைகள் இருந்த இடம் சில ஆண்டுகளில் பெருஞ்சந்தையாயிற்று. வாங்க வந்தவர்களில் இலங்கையரும் தாய்லாந்துக்காரரும் முன்னே நின்றார்கள். அங்கே வாங்கிய கல் இலங்கைக்குப் போய், அங்கே பட்டை தீட்டப்பட்டு, அங்கிருந்து விற்பனைக்கு வந்தால், அதை யார் எப்படி அழைப்பார்கள்? தேர்ந்த ஆய்வகங்களே கல்லுக்குள் இருக்கும் ஊசி, படிகம், திரவக் குமிழிகளைப் பார்த்தும், இரும்பு, காலியம், மெக்னீசியம் அளவுகளை அளந்தும்தான் ஊரை மதிப்பிடுகின்றன. சான்றிதழில் எழுதும் ஊர்ப்பெயர் ஓர் ஆய்வுக் கருத்து என்பதை அவையே வெளிப்படையாகச் சொல்கின்றன. மூன்று வல்லுநர் தயங்குகிற விஷயத்தை ஒரு விற்பனையாளர் வெறும் கண்ணால் பார்த்து உறுதி சொல்லும்போது, அது அவர் கேட்டறிந்த தகவல் என்று மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது என்ன? "இது சுட்ட கல்லா?" என்பதுதான்.

சூடேற்றுவது புதிய தந்திரம் அல்ல. இலங்கையில் கரி அடுப்பும் ஊதுகுழலும் கொண்டு கல்லின் கறையைப் போக்குவது தலைமுறை தலைமுறையாக நடந்தது. பெரிய மாற்றம் 1970களில் வந்தது. பால் கலந்தாற்போல மங்கிக் கிடந்த 'கெவுடா' கற்களை இலங்கையில் மதிப்பார் இல்லை. தாய்லாந்து வணிகர்கள் அவற்றை மலிவாக அள்ளிப் போய், 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் சுட்டார்கள். உள்ளே மேகம் போலப் படர்ந்திருந்த டைட்டானிய ஊசிகள் கரைந்து, இரும்போடு சேர்ந்து, பால் நிறம் போய் நல்ல நீலம் வந்தது. இலங்கைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்வதற்குள் ஏராளமான கல் கடல் கடந்துவிட்டது. இன்று சந்தையில் உள்ள நீலங்களில் மிகப் பெரும்பான்மை இப்படிச் சுட்டவைதான். இந்த நிறம் மங்காது, தண்ணீரில் கரையாது, தலைமுறைக்கும் நிற்கும். சுட்ட கல்லை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. சுடாத கல்லின் விலையைக் கொடுத்து வாங்குவதுதான் நஷ்டம். ஒரே நிறம், ஒரே எடை என்றாலும் இரண்டுக்கும் விலை பல மடங்கு வேறுபடும்.

சூட்டோடு நிற்காத வேலைகள் வேறு. 2002 தொடக்கத்தில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த அரிய நிறக் கற்கள் திடீரெனச் சந்தையில் குவிந்தபோது ஆய்வகங்கள் விழித்துக்கொண்டன. தாய்லாந்தின் சந்தபுரியில் பெரிலியம் என்ற தனிமத்தைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்து நிறம் ஏற்றியிருந்தார்கள். வெறும் நுண்ணோக்கியால் எப்போதும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, கல்லில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியை லேசரால் சுட்டு ஆராயும் கருவி வேண்டும். மஞ்சள் கற்களில் இந்த வேலை இன்றும் நிறைய. கனக புஷ்பராகம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய முதல் இடம் இது. கதிர்வீச்சால் மஞ்சளாக்கிய கல் இன்னொரு ரகம், சில நாள் வெயில் பட்டாலே வெளுத்துவிடும். விரிசல் விழுந்த மட்டமான கல்லில் கோபால்ட் நீலக் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்பதும் சில ஆண்டுகளாக நடக்கிறது. அந்தக் கல் எலுமிச்சைச் சாற்றுக்கே தாங்காது, ஆசாரியின் ஊதுகுழல் தீ பட்டால் கண்ணாடி கசியும்.

செயற்கைக் கல்லின் கதை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. பிரெஞ்சு வேதியியலர் வெர்னாய், தீச்சுடரில் பொடியை உருக்கிச் சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். 1910ஐ ஒட்டி நீலமும் அதே வழியில் வந்துவிட்டது. வேதியியலில் அது அசல் குருந்தம், பிறப்பு மட்டும் உலையில். திருச்சியில் பல்லாயிரம் கைகள் பட்டை தீட்டிப் பிழைத்ததும் செயற்கைக் கற்களைத்தான். ஆகவே பாட்டியின் மோதிரம் நூறு வருடப் பழசு என்பது அதில் உள்ள நீலம் இயற்கையானது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில், இயற்கைக் கல்லின் நிறப் பட்டைகள் நேர்கோட்டில், அறுகோண மடிப்பில் ஓடும். சுடரில் வளர்த்த கல்லில் அவை இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்திருக்கும். பொறுமையாகத் தேடினால் தெரியும்.

இவ்வளவும் கேட்டு முடித்த பிறகு நிறத்துக்கு வரலாம். நகைக்கடை வெளிச்சம் கல்லை விற்பதற்காகப் போட்ட வெளிச்சம். வெண்மையான எல்.இ.டி. விளக்கின் கீழ் ஏறக்குறைய எந்த நீலமும் உயிரோடு மின்னும். கல்லை வாங்கி, கடைக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு, வாசல் நடைபாதை வரை வந்து பார்க்க வேண்டும். நேர் வெயிலில் அல்ல, கூரை நிழலில், மழை மேகம் கவிந்த வானத்தின் பரவலான வெளிச்சத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல்களில் அந்த வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பிறகு வீட்டு மஞ்சள் விளக்கு போன்ற வெளிச்சத்தில் இன்னொரு முறை. நல்ல நீலம் இரண்டிலும் நீலமாகவே இருக்கும். மட்டமான கல் வெளியே சாம்பல் பூத்துப்போகும், அல்லது உள்ளே கறுத்துப்போகும். திருமணம், விருந்து என்று இரவில் போடப்போகும் அட்டிகைக்குக் கறுக்கிற கல் சரிவராது. சற்று வெளிர்ந்த சிலோன் நீலம் இங்கேதான் வெல்கிறது.

"ராயல் ப்ளூ", "கார்ன்ஃப்ளவர் ப்ளூ" என்ற பெயர்களுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஒவ்வோர் ஆய்வகமும் தன் மாதிரிக் கல்லை வைத்து முடிவு செய்கிறது. கண்தான் தீர்ப்பு.

இலங்கைக் கல்லில் தனியாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் நிறம் சீராகப் பரவியிருப்பது அரிது. திறமையான பட்டைக்காரர், கல்லின் அடி முனையில் ஒரு துளி அடர்நீலம் தங்கும்படி வெட்டுவார். மேலிருந்து பார்த்தால் அந்தத் துளி கல் முழுக்கப் பிரதிபலித்துக் கல்லே நீலமாகத் தெரியும். கல்லைக் கவிழ்த்து, வெள்ளைத் தாளில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் பாதிக் கல் நிறமற்றிருக்கும். இது ஏமாற்று அல்ல, கைத்திறன். மேல்முகத்தில் நிறம் நிரம்பித் தெரிந்தால் போதும். ஆனால் பிற்காலத்தில் அந்தக் கல்லை மறுபடி தீட்டக் கொடுத்து அடிமுனை தேய்ந்தால், நீலம் காணாமல் போய்விடும்.

எடையைக் காப்பாற்ற அடிப்பக்கத்தைப் பருமனாக விடும் வழக்கமும் அங்கே உண்டு. வாங்குபவர் அடி வயிற்றின் எடைக்கும் பணம் கொடுக்கிறார், கண்ணுக்குத் தெரியும் பரப்போ சிறியது. நீலம் வைரத்தைவிட அடர்த்தியான கல். ஒரு காரட் வட்ட வைரம் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், அதே எடை நீலம் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே காரட்டை மட்டும் கேட்காமல் மில்லிமீட்டர் அளவையும் கேட்க வேண்டும். மறுபக்கம், மிகத் தட்டையாக வெட்டிய கல்லில் நடுவே ஜன்னல் திறந்தாற்போல அடியில் உள்ள விரல் தெரியும். செய்தித்தாள் எழுத்தின் மேல் வைத்தால் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. படிக்க முடிந்தால் அந்த இடத்தில் ஒளி திரும்பவில்லை.

உள்ளே ஒன்றுமே இல்லாத, பளிங்கு போன்ற பெரிய நீலம் மலிவாகக் கிடைத்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். பட்டு போன்ற நுண்ணூசிகள், கைரேகை போன்ற திரவத் தடங்கள் இயற்கைக் கல்லின் பிறப்புச் சான்று. அந்த ஊசிகள் உடையாமல் இருந்தால் கல் கடும் உலைக்குப் போகவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. அதே ஊசிகள் நெருங்கி அடுக்கப்பட்ட கல்லை மேற்புறம் குவிந்திருக்கும்படி தீட்டினால் ஆறு கதிர் நட்சத்திரம் தோன்றும். கைப்பேசி விளக்கைக் கல்லின் மேல் அசைத்தால் நட்சத்திரமும் கூடவே நகர வேண்டும். கோடுகள் கூராக, ஒரே சீராக, மிக நேர்த்தியாக இருந்தால், 1940களின் இறுதியிலிருந்து ஆலையில் செய்யப்படும் நட்சத்திரக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வட்டாரத்தில் நீலம் வாங்குவோரில் பெரும்பகுதியினர் அழகுக்காக மட்டும் வாங்குவதில்லை. சனிப்பெயர்ச்சி நெருங்கும்போது நீலத்துக்கும், குருபலம் வேண்டும்போது கனக புஷ்பராகத்துக்கும் விசாரிப்பு கூடும். ஜாதகம் பார்த்தவர் நீலம் சொன்னால், உடனே போட்டுக்கொள்ளாமல் சில நாள் தலையணைக்கடியிலோ கைத்துணியிலோ வைத்துப் பார்த்து, ஒத்துவந்தால் மட்டும் மோதிரம் கட்டுவது பழைய வழக்கம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இந்த வழக்கம் இன்னொரு விதத்திலும் நல்லது. அந்தச் சில நாட்களுக்குள் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், வெயிலில் வைத்து மஞ்சள் வெளுக்கிறதா என்று பார்க்கலாம், வேறு கடையில் விலை கேட்கலாம். சாஸ்திரம் சுத்தமான கல்லையே கேட்கிறது என்பதால், ஜோதிடத்துக்கு வாங்குபவர்தான் பெரிலியம் ஏற்றிய கல்லையும் கண்ணாடி நிரப்பிய கல்லையும் விலக்குவதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். 'புஷ்பராகம்' என்ற பெயரிலேயே டோபாஸும், சில இடங்களில் மஞ்சள் ஸ்படிகமான சிட்ரினும் விற்கப்படுகின்றன. ரசீதில் 'மஞ்சள் சஃபையர்' என்று எழுதித் தரச் சொன்னால் அந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பத்பராட்சா என்று அழைக்கப்படும் தாமரை நிறக் கல்லைத் தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் எந்த அளவில் கலந்தால் அந்தப் பெயர் பொருந்தும் என்பதில் ஆய்வகங்களே ஒத்துப்போவதில்லை. மடகாஸ்கரின் பெமைன்டியில் 2016இன் கடைசியில் கிடைக்கத் தொடங்கிய கற்களில் சில, சில வார வெளிச்சத்திலேயே ஆரஞ்சை இழந்து வெறும் இளஞ்சிவப்பானதாக சுவிஸ் ஆய்வகம் ஒன்று எச்சரித்தது. நிறம் நிலைக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் சான்றிதழ் இல்லாமல் அந்தக் கல்லுக்குப் பெரும்பணம் போடுவது வீண் துணிச்சல்.

கல் முடிவானால் கட்டுவேலை. மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு 916 தங்கம்தான் தங்கம், 22 காரட். ஆனால் அது மென்மையானது. நான்கு மெல்லிய நகக்கால்களில் உயர்த்திக் கட்டிய நீலம், 916இல் சில வருடத்தில் ஆடத் தொடங்கும். அன்றாடம் போடும் மோதிரமென்றால் கல்லைச் சுற்றித் தகட்டு விளிம்பு மடித்த மூடுகட்டு பாதுகாப்பு. நகக்கால் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் 750 என முத்திரை உள்ள 18 காரட் தங்கம் உறுதி. அடி திறந்த கட்டு நல்லது. ஜோதிடத்துக்குக் கல் தோலில் படும், பரிசோதிக்கவும் முடியும். அடியில் வண்ணத் தகடு வைத்து மூடிக் கட்டிய பழைய நகைகளில் நிறம் கல்லுடையதா தகட்டுடையதா என்று பிரித்தெடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

மோதிரத்தின் சுற்றளவைப் பெரிதாக்கவோ பற்றவைக்கவோ கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்படி ஆசாரியிடம் சொல்லிவிட வேண்டும். நீலம் சூட்டுக்கு அஞ்சாது என்பது பாதி உண்மை. பற்றவைப்பில் பயன்படும் வெங்காரம் கல்லின் மேல் பட்டுத் தீயில் உருகினால், அது குருந்தத்தின் மேற்பரப்பையே அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். மறுபடி தீட்டினால்தான் தீரும், தீட்டினால் எடை குறையும். மற்றபடி வீட்டுப் பராமரிப்புக்கு வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, பழைய மெல்லிய பல்துலக்கி போதும்.

கடைசியாகப் பணக் கணக்கு. நகையின் மொத்த எடையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். ஐந்து காரட் கல் ஒரு கிராம், அந்த ஒரு கிராமுக்கு இன்றைய தங்க விலையைக் கொடுப்பது சிறு தொகை அல்ல. அவசரத்துக்கு நகையை அடகுக்கடைக்கோ அர்-ரஹ்னுவுக்கோ கொண்டுபோனால், பொதுவாக அங்கே தங்கத்தை மட்டும் எடை போடுவார்கள். கல் கணக்கில் வராது. இதை அறிந்து, நீலத்தைச் சேமிப்பாக எண்ணாமல் அணிகலனாக எண்ணி வாங்குபவர்களுக்கு மனக்குறை வராது.

விலை உயர்ந்த கல்லென்றால் ஜி.ஐ.ஏ., ஜி.ஆர்.எஸ்., எஸ்.எஸ்.இ.எஃப்., கூபெலின், லோட்டஸ் போன்ற பெயர்பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். இவற்றில் ஜி.ஐ.ஏ.வுக்கு பாங்காக்கிலேயே ஆய்வகம் உண்டு, லோட்டஸ் இயங்குவதும் பாங்காக்கில்தான். காகிதத்தைப் பார்த்ததும் திருப்தி அடையாமல், அதிலுள்ள எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, எடையும் மில்லிமீட்டர் அளவும் கையில் உள்ள கல்லோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே நிறுத்துப் பார்க்க வேண்டும். அசல் சான்றிதழோடு வேறு கல் வரும் வாய்ப்பை அந்த ஐந்து நிமிடம் அடைத்துவிடுகிறது. சான்றிதழ் செலவுக்குத் தகாத சிறிய கல்லென்றால் ரசீதுதான் சான்று. அதில் 'நீலம் - 1' என்று மட்டும் எழுத விடக்கூடாது. இயற்கைக் கல், சுட்டது அல்லது சுடாதது, வேறு வேலை எதுவும் செய்யப்படாதது, எடை இத்தனை காரட், ஊர் சொல்லி விற்றிருந்தால் ஊர் என்று எழுதி வாங்க வேண்டும். நேர்மையான கடைக்காரர் இதற்குத் தயங்கமாட்டார். எழுத மறுத்தால், சற்றுமுன் வாயால் சொன்னதன் எடை அப்போதே தெரிந்துவிடும்.

மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்லி விற்பதைக் குற்றமாக்குகிறது. ரசீதில் எழுதியதும் கல்லும் ஒத்துப்போகாவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 2019இல் அதன் வரம்பு 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் தேவையில்லை, விவகாரம் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் போனால் போதும். நகைக்கடை நீலம் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கும். அங்கே மேசையில் வைக்க வேண்டியவை இரண்டு: விவரம் எழுதிய ரசீது, ஆய்வகத்தின் அறிக்கை.